உறைபனிக்கு முன்னும் பின்னும்: இலையுதிர் காலக் கடைசியில் வீட்டுத் தோட்ட வேலைகள்

குளிர் கடுமையாக இருக்கும் இடத்தில் முதல் முறையாகத் தோட்டம் போட்டவர்களுக்கு இலையுதிர் காலத்தின் கடைசி வாரங்கள் குழப்பமானவை. செடிகள் ஒவ்வொன்றாக வாடும், சருகு கொட்டும், சாயங்காலமே இருட்டிவிடும். இனி வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்தத் தோன்றும். அவசரப்பட்டுச் சாத்திவிடாதீர்கள். வசந்தத்தில் பூக்கப்போகும் கிழங்குகளை நட வேண்டிய நேரம் இதுதான். அடுத்த வருடப் பாத்திக்கு வேண்டிய மட்கு இப்போது உங்கள் காலடியில் சும்மா கிடக்கிறது. இன்றைக்கு உள்ளே எடுக்காத ஒரு தொட்டி நாளைக் காலையில் கருகிப்போயிருக்கலாம்.

வடகோளத்தில் இந்தக் காலம் ஏறக்குறைய அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடியும் வரை. தென்கோளத்தில் ஏப்ரல் நடுவிலிருந்து மே முடியும் வரை. ஆனாலும் நாட்காட்டியைப் பார்த்து வேலை செய்ய வேண்டாம். உறைபனியைப் பார்த்துச் செய்யுங்கள். முதல் உறைபனி விழுவதற்கு முன் முடிக்க வேண்டியவை சில, அது விழுந்த பிறகே தொடங்க வேண்டியவை சில, மண் உறைந்து இறுகுவதற்குள் முடிக்க வேண்டியவை சில. இந்த மூன்றையும் பிரித்துக்கொண்டால் வேலைப் பட்டியல் தானாகவே வரிசைக்கு வந்துவிடும். எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடவே கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் உறைபனியைப் புரிந்துகொள்ளுங்கள்

வானிலை அறிக்கையில் இரவு 3 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருக்கும். பூஜ்யத்துக்கு மேலேதானே இருக்கிறது என்று விட்டுவிடுவோம். காலையில் பார்த்தால் புல்வெளி முழுக்க வெள்ளையாக இருக்கும். வானிலை நிலையங்கள் தரையிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில்தான் வெப்பநிலையை அளக்கின்றன. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் தரையோடு ஒட்டியிருக்கும் இலைகள் மேலே உள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். மேகம் இருந்தால் அந்த வெப்பத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். காற்று அடித்தால் மேலிருக்கும் கொஞ்சம் சூடான காற்று கீழே கலக்கும்.

எனவே, இரவு 4 டிகிரி, வானம் தெளிவு, காற்று இல்லை என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அதை உறைபனி எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் கீழிறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உங்கள் தோட்டத்திலேயே தாழ்வான மூலையில் முதலில் உறைபனி விழும். வீட்டுச் சுவரை ஒட்டிய இடத்தில் சில நாட்களோ வாரங்களோ கழித்து விழும். இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையைக் காட்டும் ஒரு சாதாரண வெப்பமானியைச் செடிகளின் உயரத்தில் வைத்துவிட்டால், உங்கள் தோட்டத்தின் குணம் ஒரே பருவத்தில் பிடிபட்டுவிடும்.

உறைபனி விழுவதற்கு முன்

தக்காளி, மிளகாய், கத்தரி, வெள்ளரி, பீன்ஸ் இவை எதுவும் உறைபனியைத் தாங்காது. பழுத்தது, காய்த்தது எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள். தக்காளியில் முழு அளவுக்கு வளர்ந்து, பச்சை கொஞ்சம் வெளுக்கத் தொடங்கிய காய்கள் வீட்டுக்குள்ளேயே பழுக்கும். அதற்கு வெயில் வேண்டியதில்லை, 15 முதல் 20 டிகிரி வெப்பம் இருந்தால் போதும். ஒரு பெட்டியில் ஒன்றோடொன்று இடிக்காமல் பரப்பி, கூடவே ஒரு வாழைப்பழத்தை வையுங்கள். பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு காய்களைச் சீக்கிரம் பழுக்க வைக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்து, அழுகியதை எடுத்துவிடுங்கள். சின்னதாக, கடும்பச்சையாக இருக்கும் காய்கள் பழுக்காது, அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். பூசணியைக் காம்போடு சேர்த்து வெட்டி எடுங்கள். காம்பு ஒடிந்தால் அந்த இடத்திலிருந்துதான் அழுகல் தொடங்கும்.

இதற்கு நேர்மாறாக, கேரட், பார்ஸ்னிப், கேல் கீரை, பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட் போன்றவற்றைத் தோட்டத்திலேயே விட்டுவைக்கலாம். குளிர் வந்ததும் இந்தச் செடிகள் தம்மிடம் உள்ள மாவுச்சத்தில் கொஞ்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். சர்க்கரை கலந்த செல்நீர் அவ்வளவு எளிதில் உறையாது. செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் இந்த வேலையால் நமக்கு இனிப்பான கேரட் கிடைக்கிறது. மண் உறையும் இடங்களில் கேரட் பாத்தியின் மேல் வைக்கோலோ சருகோ கனமாகப் போட்டுவைத்தால், வேண்டியபோது தோண்டி எடுக்கலாம்.

ஓரிரு இரவுகள் மட்டும் உறைபனி விழுந்து, அப்புறம் ஒரு வாரம் இதமாக இருக்கும் என்று தெரிந்தால் செடிகளை மூடிக் காப்பாற்றலாம். பழைய படுக்கை விரிப்பு போதும். தோட்டத்துக்கென்று விற்கும் மெல்லிய வெள்ளைத் துணி இருந்தால் இன்னும் நல்லது. அது தரைவரை தொங்க வேண்டும், ஏனென்றால் செடிக்கு வேண்டிய வெதுவெதுப்பு மண்ணிலிருந்துதான் வருகிறது. உச்சியில் மட்டும் போர்த்தித் தண்டோடு சேர்த்துக் கட்டினால் பயன் இல்லை. பிளாஸ்டிக் தாளை இலைமேல் படும்படி போடாதீர்கள். படும் இடமெல்லாம் கருகிவிடும். விடிந்து வெயில் வந்ததும் மூடியதை எடுத்துவிட வேண்டும்.

உள்ளே வர வேண்டிய தொட்டிகள்

வெப்பமண்டலச் செடிகள் வைத்திருப்பவர்கள் உறைபனிவரை காத்திருக்கவே கூடாது. செம்பருத்தி, மல்லிகை, எலுமிச்சை, வெயில் காலத்தில் வெளியே வைத்த வீட்டுச் செடிகள் எல்லாம் இரவு வெப்பநிலை 10 டிகிரியைத் தொடும்போதே உள்ளே வந்துவிட வேண்டும். செம்பருத்தி அதற்கும் முன்னாலேயே முகம் சுளிக்கத் தொடங்கும்.

தூக்கிக்கொண்டு நேராக வரவேற்பறைக்குப் போகாதீர்கள். முதலில் ஒவ்வொரு இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செஞ்சிலந்தி எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். வெளியில் இருந்தவரை மழையும் அவற்றைத் தின்னும் பூச்சிகளும் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருந்தன. வீட்டுக்குள் அந்தக் காவல் இல்லை. இலைகளின் மேலும் கீழும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். தேவைப்பட்டால் பூச்சிகளுக்கென்று விற்கும் சோப்புக் கரைசலைத் தெளியுங்கள். தொட்டியின் அடித்துளையையும் பாருங்கள், நத்தைகளுக்குப் பிடித்த இடம் அது. இவ்வளவும் செய்த பிறகு இரண்டு வாரமாவது மற்ற வீட்டுச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். இந்தத் தள்ளிவைப்பைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் குளிர்காலம் முழுக்க மாவுப்பூச்சியோடு போராட வேண்டியிருக்கும்.

உள்ளே வந்த முதல் சில வாரங்களில் இலை உதிரும். பயப்பட வேண்டாம், வெளிச்சம் குறைந்ததற்குச் செடி தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அந்த நேரத்தில் பரிதாபப்பட்டுத் தண்ணீர் ஊற்றுவதுதான் ஆபத்து. இலை குறைந்து, வெளிச்சமும் குறைந்த செடி தண்ணீரையும் குறைவாகத்தான் குடிக்கும். மீதம் தொட்டியில் தேங்கி வேரை அழுக வைக்கும். விரலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உரம் வசந்தம்வரை வேண்டாம். நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல் அருகே வையுங்கள், ஆனால் ஹீட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம். காய்ந்த சூடான காற்று செஞ்சிலந்திக்குக் கொண்டாட்டம்.

குளிரைத் தாங்கும் செடிகளும் தொட்டியில் இருந்தால் கொஞ்சம் கவனிப்பு கேட்கும். தரையில் நட்ட செடியின் வேருக்கு நிலமே போர்வை. தொட்டியில் உள்ள வேருக்கு நான்கு பக்கமும் குளிர். தரையில் எந்தக் குளிரையும் தாங்கும் ஒரு புதர், அதே தெருவில் தொட்டியில் இருந்தால் செத்துப்போகலாம். தொட்டிகளை எல்லாம் சுவரோரம் நெருக்கமாக ஒன்றுசேருங்கள், சாக்கோ காற்றுக்குமிழ் பிளாஸ்டிக்கோ வைத்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டுங்கள். செடியைச் சுற்ற வேண்டாம். தண்ணீர் வடிவதற்குத் தொட்டியின் அடியில் இரண்டு மூன்று ஓட்டுத் துண்டுகளைக் கொடுத்து உயர்த்தி வையுங்கள். சுட்ட மண்தொட்டிகள் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அந்த ஈரம் உறைந்து விரியும்போது தொட்டி விரிசல் விட்டுவிடும். காலியான மண்தொட்டிகளைக் காயவைத்து உள்ளே கவிழ்த்து வைப்பதுதான் பாதுகாப்பு.

டாலியா: உறைபனிக்காகக் காத்திருங்கள்

டாலியா, கேன்னா (கல்வாழை) போன்ற கிழங்குப் பூச்செடிகள் இந்த விஷயத்தில் எதிர்மாறானவை. முதல் உறைபனி இலைகளைக் கருக்கும்வரை அவற்றை மண்ணிலேயே விடலாம், விடுவதே நல்லது. அதுவரை கிழங்கில் சத்து சேர்ந்துகொண்டே இருக்கும். இலை கருகியதும் தண்டை 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிச் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, அடியிலிருந்து நெம்பித் தூக்குங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் கிழங்கின் கழுத்து முறியும். அடுத்த வருடம் முளை வருவது அந்தக் கழுத்தை ஒட்டித்தான். முறிந்த கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காது.

மண்ணை உதிர்த்துவிட்டு, வகையின் பெயரை எழுதிக் கட்டிவிடுங்கள். இதை இப்போதே செய்யாவிட்டால் வசந்தத்தில் எது சிவப்பு, எது மஞ்சள் என்று யாராலும் சொல்ல முடியாது. டாலியா தண்டு உள்ளே குழல் போல இருக்கும், அதில் தண்ணீர் தங்கும். அதனால் ஒன்றிரண்டு வாரம் தலைகீழாக வைத்து வடியவிடுங்கள். பிறகு காய்ந்த மணலிலோ, வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகளிலோ புதைத்து, உறையாத, ஆனால் குளிர்ச்சியான இருட்டு இடத்தில் வையுங்கள். 4 முதல் 10 டிகிரி சரியாக இருக்கும். குளிர்காலம் மிதமான, தண்ணீர் நன்றாக வடியும் மண் உள்ள இடங்களில் கிழங்கைத் தோண்டாமலே, மேலே வைக்கோலோ சருகோ கனமான மூடாக்காகப் போட்டுக் காப்பாற்றுகிறவர்களும் உண்டு. கனமான களிமண்ணில் அந்தத் துணிச்சல் வேண்டாம். அங்கே குளிரைவிட ஈரம்தான் கிழங்கைக் கொல்லும்.

வசந்தத்துக்கான கிழங்குகள்

இந்தப் பருவத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. எல்லாம் அடங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் புதிதாக ஒன்றை மண்ணுக்குள் வைப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. தோட்ட வேலைக்குப் புதியவர்கள் நிச்சயமாகத் தொடங்க வேண்டிய இடமும் இதுதான். முதல் வருடத்துக்கு வேண்டிய சாப்பாட்டைக் கிழங்கு தனக்குள்ளேயே வைத்திருப்பதால் தவறிப்போவது அரிது.

டாஃபடில், குரோக்கஸ் போன்றவற்றைச் சீக்கிரம் நட்டுவிட வேண்டும், இலையுதிர் காலத் தொடக்கமே அவற்றுக்கு நல்லது. தாமதமாகிவிட்டால் இப்போதாவது நடுங்கள். டியூலிப் மட்டும் தாமதத்தை விரும்பும். மண் நன்றாகக் குளிர்ந்த பிறகு, வடகோளத்தில் என்றால் நவம்பரில் நட்டால், இலைகளைக் கருக்கும் ஒரு பூஞ்சை நோயின் தாக்குதல் குறையும். டியூலிப்புக்குக் குளிர் தொல்லையே இல்லை, அதன் தேவை. ஏறக்குறைய 12 முதல் 16 வாரம் குளிரில் கிடந்தால்தான் உள்ளே பூத்தண்டு சரியாக நீளும். குளிர்காலமே இல்லாத ஊர்களில் டியூலிப் கிழங்குகளை நடுவதற்கு முன் குளிர்பெட்டியில் வைப்பது இதனால்தான்.

எந்தக் கிழங்காக இருந்தாலும் ஆழத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. 5 சென்டிமீட்டர் உயரமுள்ள டியூலிப் கிழங்கு 15 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். கூர்முனை மேலே, தட்டையான அடி கீழே. எது மேல் எது கீழ் என்று தெரியாவிட்டால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், முளை தானாக வழி கண்டுபிடித்து வந்துவிடும். அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இருந்தாலோ பூஞ்சணம் ஆழமாக இருந்தாலோ எறிந்துவிடுங்கள். வரிசையாக நடுவதைவிட ஏழெட்டாகக் கொத்துக் கொத்தாக நட்டால் பூக்கும்போது அழகாக இருக்கும். அணில் தொல்லை உள்ள இடத்தில் நட்ட இடத்தின் மேல் கோழிவலையை விரித்து மண்ணைத் தள்ளி மூடுங்கள். நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டியூலிப், டாஃபடில் கிழங்குகள் இரண்டும் அவற்றுக்கு நஞ்சு. நாய் தோண்டும் இடத்தில் நட வேண்டாம், மீதிக் கிழங்குகளைத் தரையில் விட்டுவைக்கவும் வேண்டாம்.

இதே வாரங்களில் பூண்டும் நடலாம். பூண்டுக்கும் குளிர் வேண்டும், அது கிடைக்காவிட்டால் பல் பிரியாமல் ஒரே உருண்டையாக நின்றுவிடும். நடுவதற்கென்று விற்கும் பூண்டை வாங்குவது நல்லது. சமையலுக்கு விற்பதில் சில முளைக்காதபடி பதப்படுத்தப்பட்டிருக்கும், சில உங்கள் இடத்துக் குளிருக்கு ஒத்துவராத வகையாக இருக்கும். நடும் அன்றைக்குப் பல் பிரித்து, பெரிய பற்களை மட்டும் எடுங்கள். பெரிய பல்லிலிருந்துதான் பெரிய பூண்டு வரும். 15 சென்டிமீட்டர் இடைவெளியில், நுனி மேலாக, பல்லின் உச்சிக்கு மேல் 3 முதல் 5 சென்டிமீட்டர் மண் இருக்கும்படி ஊன்றுங்கள். மண் உறைவதற்கு நாலைந்து வாரம் முன்னால் நட்டால் வேர் பிடித்துவிடும். குளிர் கடுமையான இடங்களில் மேலே ஒரு சாண் வைக்கோல் போடுங்கள். அறுவடை அடுத்த கோடையில்.

சருகை எறியாதீர்கள்

கொட்டிய சருகைப் பைபையாகக் கட்டி வெளியே வைத்துவிட்டு, வசந்தத்தில் பைபையாக மண்ணூட்டம் வாங்கி வருவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. வாங்கி வருவதைவிட நல்ல பொருளைத்தான் எறிந்துவிடுகிறோம்.

புல்வெளியில் சருகு கனமாகப் படிந்தால் புல் வெளிச்சமில்லாமல் அழுகும், அதனால் அங்கே விட முடியாது. மெல்லிய படலமாக இருந்தால் புல்வெட்டும் இயந்திரத்தை அதன் மேலேயே ஓட்டுங்கள். பொடிப்பொடியாகிப் புல்லுக்கு இடையில் இறங்கி மட்கிவிடும். கனமாக இருந்தால் வாரி எடுங்கள். பூப்பாத்திகளிலும் புதர்களின் அடியிலும் 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் போடலாம். தண்டையோ மரத்தின் அடியையோ தொடாமல் ஒரு கைப்பிடி இடைவெளி விட வேண்டும். மரத்தடியில் மூடாக்கைக் குன்றுபோலக் குவித்துவைக்கும் வழக்கத்தை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். ஈரம் தங்கிப் பட்டை அழுகுவதற்கும், எலிகள் குளிர்காலம் முழுக்க மறைவில் இருந்து பட்டையைக் கொறிப்பதற்கும் அது வழி.

மீதியை இலைமட்காக்குங்கள். சருகைத் தண்ணீரில் நனைத்து, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் அடைத்து, பத்துப் பன்னிரண்டு துளை போட்டு, ஒரு மூலையில் மறந்துவிடலாம். இடம் இருந்தால் கம்பிவலையை வட்டமாக வளைத்து அதற்குள் கொட்டலாம். சமையலறைக் கழிவு மட்கும்போது பாக்டீரியாக்கள் வேகமாகவும் சூடாகவும் வேலை செய்யும். சருகைப் பூஞ்சைகள் மெதுவாக, குளிர்ச்சியாகவே சிதைக்கின்றன. அதனால் ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடம் ஆகும். கிடைப்பது காட்டு மண்ணின் வாசனையோடு, பொலபொலவென்று, ஈரத்தைப் பிடித்துவைக்கும் அருமையான பொருள். அதில் உரச்சத்து அதிகம் இருக்காது. மண்ணின் கட்டமைப்பைச் சரிசெய்வதுதான் அதன் வேலை. சருகை முன்பே பொடித்துப் போட்டால் சீக்கிரம் மட்கும்.

கம்போஸ்ட் தொட்டி வைத்திருப்பவர்கள் ஒரு மூட்டைக் காய்ந்த சருகைத் தனியாக எடுத்து வையுங்கள். காய்கறித் தோல் போன்ற ஈரமான கழிவு ஒரு பங்கு போட்டால் சருகு இரண்டு மூன்று பங்கு போட வேண்டும். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் சருகு கிடைக்காமல்தான் கம்போஸ்ட் நசநசவென்று நாறத் தொடங்கும்.

எதைச் சுத்தம் செய்வது, எதை விடுவது

நோய் தாக்கியதை மட்டும் கண்டிப்பாக அகற்றுங்கள். கரும்புள்ளி விழுந்த ரோஜா இலைகள், சாம்பல் நோய் வந்த பூசணிக் கொடிகள், கருகல் நோய் வந்த தக்காளிச் செடிகள், மரத்திலேயே வற்றித் தொங்கும் பழங்கள், இவற்றில் நோய்க்கிருமிகளோ அவற்றின் வித்துகளோ தங்கியிருக்கும். வீட்டுக் கம்போஸ்ட் அவற்றை அழிக்கும் அளவுக்குச் சூடாவது அரிது, அதனால் அதில் போடாதீர்கள். காய்கறிச் செடிகளைப் பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டுங்கள். வேர்கள் மண்ணுக்குள்ளேயே மட்கி, காற்றும் நீரும் போக வழிவிடும். காலியான பாத்தியில் 5 சென்டிமீட்டர் கம்போஸ்ட் பரப்பிவிடுங்கள், கொத்த வேண்டிய அவசியம் இல்லை. மண்புழுக்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும். மண் பரிசோதனைக்கு அனுப்புவதானால் இப்போதே அனுப்புங்கள். புளிப்பு மண்ணைச் சரிசெய்யச் சுண்ணாம்பு போட வேண்டியிருந்தால், அது வேலை செய்யச் சில மாதம் ஆகும்.

மற்றபடி, நோயில்லாத பூச்செடிகளின் காய்ந்த தண்டுகளையும் விதைத் தலைகளையும் விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. எக்கினேசியா, சூரியகாந்தி விதைகள் பறவைகளுக்குக் குளிர்காலச் சாப்பாடு. குழலான தண்டுகளிலும் சருகுக்கு அடியிலும் எத்தனையோ நல்ல பூச்சிகள் உறங்கிக்கிடக்கின்றன. அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகள் குளிரைக் கழிப்பதும் இப்படிப்பட்ட இடங்களில்தான். தோட்டத்தைத் துடைத்து வைத்தால் வசந்தத்தில் அசுவினி வரும், அதைத் தின்ன ஆள் இருக்காது. பார்ப்பவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று தோன்றினால் வாசல் பக்கத்தை மட்டும் ஒழுங்குபடுத்திவிட்டு, பின்பக்கத்தை விட்டுவையுங்கள். சருகுக் குவியலைக் கொளுத்தும் எண்ணம் இருந்தால், கொளுத்தும் இடத்துக்கு அன்றைக்குத்தான் மாற்ற வேண்டும். முள்ளெலி போன்றவை உள்ளே புகுந்து உறங்கியிருக்கலாம்.

கத்தரிக்கோலைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்

இலை கொட்டிய புதரைப் பார்த்தால் கவாத்து செய்யக் கை பரபரக்கும். லைலாக், ஃபோர்சித்தியா, ரோடோடென்ட்ரான், பெரிய இலை ஹைட்ரேஞ்சியா எல்லாம் வசந்தத்துக்கும் கோடைக்கும் வேண்டிய மொட்டுகளை ஏற்கெனவே கிளைகளில் உருவாக்கி வைத்திருக்கின்றன. இப்போது வெட்டினால் அடுத்த வருடப் பூவை வெட்டுகிறீர்கள். ஹைட்ரேஞ்சியாவின் காய்ந்த பூங்கொத்தைக்கூட விட்டுவையுங்கள், கீழே உள்ள மொட்டுக்கு அது குடை.

ரோஜாவின் பெரிய கவாத்தும் குளிர் முடியும் நேரத்துக்குரியது. இப்போது உயரமான கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். குளிர்காலக் காற்று செடியை ஆட்டி வேரைத் தளர்த்தாமல் இருக்கத்தான் இது. ஒடிந்தது, காய்ந்தது, நோய் வந்தது ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். தழைச்சத்து உரமும் இப்போது கூடாது. உரம் தூண்டிவிட்ட இளந்தளிர்கள் முதிர்வதற்குள் குளிர் வந்து கருக்கிவிடும்.

மண் இறுகுவதற்குள்

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. வெளிச்சுவரில் இருக்கும் குழாய் வெடிக்க அது போதும். வெடித்தது பல நேரம் சுவருக்குள் இருக்கும், பனி உருகித் தண்ணீர் கசியும்போதுதான் தெரியும். எனவே முதலில் ஹோஸ் பைப்பைக் கழற்றி, நீட்டிப் பிடித்து வடித்து, சுருட்டி உள்ளே வையுங்கள். அப்புறம் வெளிக்குழாய்க்குப் போகும் தண்ணீரை வீட்டுக்குள் இருக்கும் வால்வில் அடைத்துவிட்டு, வெளிக்குழாயைத் திறந்து மீதியை வடியவிட்டுத் திறந்தபடியே விடுங்கள். சொட்டுநீர்க் குழாய்கள், மழைநீர்ப் பீப்பாய், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் காலி செய்யுங்கள்.

ஆனால் குழாயை அடைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மழை குறைவாக இருந்தால், இலை கொட்டாத பசுமைச் செடிகளுக்கும் இந்த வருடம் நட்ட மரங்களுக்கும் ஆழமாக ஒருமுறை தண்ணீர் விடுங்கள். பசுமைச் செடிகள் குளிர்காலத்திலும் இலை வழியாக நீரை இழந்துகொண்டே இருக்கும். மண் உறைந்துவிட்டால் வேரால் அதை ஈடுகட்ட முடியாது. குளிர்காலக் கடைசியில் பழுப்பாகிப்போன செடிகளில் பல, குளிரால் செத்தவை அல்ல, தாகத்தால் செத்தவை.

பழமரம் இருந்தால் இரண்டு வேலை. இளமரங்களின் அடித்தண்டைச் சுற்றித் துளையுள்ள காப்பு மாட்டுங்கள், முயலும் எலியும் பட்டையைச் சுற்றிலும் கடித்துவிட்டால் மரம் பிழைக்காது. ஆப்பிள், பேரி மரங்களில் குளிர்கால அந்துப்பூச்சி உள்ள இடங்களில் தண்டைச் சுற்றிப் பசைப்பட்டை கட்டுவார்கள். அந்த அந்துப்பூச்சியின் பெண்ணுக்குப் பறக்கும் அளவுக்கு இறக்கை இல்லை, மண்ணிலிருந்து தண்டு வழியே ஏறிப்போய்த்தான் முட்டையிட வேண்டும். பசைப்பட்டையில் ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது. மரத்தைத் தாங்கும் கழியையும் சேர்த்துக் கட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கழி வழியாக ஏறிவிடும். புதிதாக மரம் நட நினைப்பவர்களுக்கும் இது நல்ல காலம். இலை உதிர்ந்த பிறகு தொட்டியில்லாமல் வெறும் வேரோடு விற்கும் கன்றுகள் கிடைக்கும். வேரைக் காயவிடாமல், தண்டு விரிந்து வேராக மாறும் இடம் மண்மட்டத்தில் இருக்கும்படி நடுங்கள்.

கருவிகளைக் கழுவித் துடைத்து, இரும்பில் ஒரு பூச்சு எண்ணெய், மரப்பிடியில் ஆளிவிதை எண்ணெய் தடவிவிடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியில் விரித்துக் காயவிட வேண்டும். ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது.

எல்லாம் அடங்கும் முன் தோட்டத்தைப் படம் எடுத்து, எந்தப் பாத்தியில் எந்தக் காய்கறி இருந்தது, எந்த மூலையில் எந்தக் கிழங்கு நட்டீர்கள் என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். அடுத்த வருடம் தக்காளியை வேறு பாத்திக்கு மாற்றவும், கிழங்கு இருக்கும் இடத்தில் தெரியாமல் மண்வெட்டியை இறக்காமல் இருக்கவும் அது உதவும்.

குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை மட்டும் இரண்டு இடங்களைப் பாருங்கள். டாலியாக் கிழங்குகளில் அழுகியது இருந்தால் எடுத்துவிடுங்கள், சுருங்கிப்போயிருந்தால் மணலில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். வெளியே, மண் உறைந்தும் இளகியும் மாறிமாறி வரும் நாட்களில், புதிதாக நட்ட செடிகளை மண்ணே மேலே தள்ளிவிடும். வேர் வெளியே தெரிந்தால், மண் இளகியிருக்கும் ஒரு மதியத்தில் கையால் மெதுவாக அழுத்தி உள்ளே இறக்கி, மேலே இன்னும் கொஞ்சம் சருகு போடுங்கள்.